வாலில் ஏற்றிய அரிசி

1995, ஆடி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறரை மணி. நாங்கள் குடியிருந்த பார்க்டேலிலிருந்து வசாகா கடற்கரைக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர். பிக்கப் ட்ரக்கை ஓட்டியவன் என் மனைவி வசந்தாவின் தம்பி நேசன், வண்டியும் அவனுடையதுதான். பின் இருக்கையில் நானும் வசந்தாவும் நான்கு வயது மகளும். எங்களுக்குப் பின்னால், மூன்று நாள் வாடகைக்கு எடுத்த, படுக்கையும் அடுப்பும் உள்ள ட்ரெய்லர்.

ட்ரக் ஐயாயிரம் இறாத்தல் பாரம் இழுக்கும். வெறும் ட்ரெய்லர் நாலாயிரத்து இருநூறு என்று வாடகைக் கடதாசியில் இருந்தது. “எண்ணூறு மிச்சம் கிடக்கு அத்தான், யோசியாதேங்கோ” என்றான் நேசன். அந்த எண்ணூறு எங்கள் கண்ணுக்குக் கடலாகத் தெரிந்தது. புது இடத்துத் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துவராது என்று, வசந்தா ட்ரெய்லரின் தொட்டியில் நாற்பது கலன், ஏறக்குறைய நூற்றெண்பது லீற்றர், வீட்டுத் தண்ணீர் நிரப்பினாள். போய் இறங்கியதும் முதல் வேலை, அங்கே கூடும் சொந்தக்காரர் எல்லாருக்கும் சோறு வைப்பதுதானே? ஆகவே அரிசி மூட்டைகள், சோறு ஆக்கும் கிடாரம், இறைச்சிப் பெட்டி எல்லாவற்றையும் கைக்கெட்டும்படி பின்கதவோரம் அடுக்கியவன் நான். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

ஏழு நாற்பதுக்கு 400ஆம் நெடுஞ்சாலையில் ஹொலண்ட் மார்ஷ் இறக்கம் வந்தது. ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, ட்ரக்கையும் சேர்த்து உலுப்பியது.

“அக்கா, பிள்ளையைப் பிடியுங்கோ” என்றான் நேசன். பிரேக்கைத் தொடாமல் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தான். ஒருவாறு ஓரத்தில் நின்றதும் வசந்தா சொன்னாள்: “நான் இனி உதிலை வரமாட்டன். பிள்ளையோடை பஸ்ஸிலை திரும்பிப் போறன்.”

நெடுஞ்சாலையின் அடுத்த வெளிவழி வரும்வரை பொறுக்கும்படி கெஞ்சினேன். ஊர்ந்து போய் இறங்கினோம். அங்கே லொறிகளை நிறுக்கும் தரைத்தராசோடு, மணல் விற்கும் முற்றம் ஒன்று. கட்டணம் ஐந்து டொலர். ட்ரெய்லரைக் கழற்றித் தனியே நிறுத்தால் ஐயாயிரத்து முன்னூற்றைம்பது.

தராசுக்காரக் கிழவர் பின்கதவைத் திறந்து பார்த்து, தொட்டியையும் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். “தண்ணீரே நானூறு இறாத்தல். அதைவிட மோசம், பாரமெல்லாம் வாலில். கொக்கியை அழுத்த முன்பக்கம் பாரம் வேண்டாமா? பிறகு ஆடாமல் என்ன செய்யும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வசந்தா போய்த் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். “அங்கை கிடைக்கிற தண்ணியைக் கொதிக்க வைச்சுப் பிள்ளைக்குக் குடுப்பம்” என்றாள். அவளும் வருகிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானும் நேசனும் வியர்க்க வியர்க்க மூட்டைகளை முன்னுக்கு நகர்த்தினோம். மறுபடி நிறுத்தோம்: நாலாயிரத்துத் தொளாயிரத்தைம்பது. இரண்டாவது தடவைக்குக் கிழவர் காசு வாங்கவில்லை.

பத்து மணிக்குப் பாரி நகரைத் தாண்டினோம். அடுத்த நீண்ட இறக்கம் வந்தது. வசந்தாவின் கைகள் பிள்ளையைச் சுற்றி இறுகியிருந்தன. ட்ரெய்லர் அசையாமல் பின்னால் வந்தது.

“முடிஞ்சுது அக்கா, இனிச் சமதரைதான்.”

“ஓம்” என்ற அவள் பிள்ளையை என் மடிக்கு நகர்த்தினாள். அடுத்த நிமிடமே என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனாள். கடற்கரை வரும்வரை நான் அசையவில்லை.