கொப்பரையில் வெந்த பிளைவுட்

என் அக்கா உல்துகானின் புருஷன் குரால்பாயைப் பற்றி எழுதுகிறேன். ஆள் உயிரோடுதான் இருக்கிறார். இதைப் படித்தால் படிக்கட்டும். எனக்கு அவரைப் பிடிக்காது, அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஊருக்கே தெரிந்த விஷயம்.

ஆரல் கடல் எங்களை விட்டு ஓடிப்போன வருஷங்களில் அவர் நகரத்து ரயில்பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தார். பெட்டிகளுக்கு பிளைவுட் தரை போடும் வேலை. வடக்குப் பக்கம் தண்ணீர் திரும்பியது, படகுகள் திரும்பின, இவரும் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து எங்கள் கரையில் யார் படகுக்கு மேல்தளம் போட்டாலும் இவர் தலையாட்ட வேண்டும். தலை லேசில் ஆடாது, வாய்தான் ஆடும். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சலாம் சொல்லும் முன்பே அங்கே சாய்த்து வைத்த பலகையை விரல் முட்டியால் தட்டுவார். "உள்ள பொந்து இருக்கு. வாங்கினவன் தலை மாதிரியே" என்பார். வாங்கியவர் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார்.

போன வருஷம் குளிர் தொடங்கும் சமயத்தில் என் கணவர் தோலெப்பின் படகுத்தளம் உளுத்து உடைந்தது. கால் தொடைவரை ஓட்டைக்குள், உடம்பு கடலுக்கு மேல், கையில் வலைக்கயிறு. கூட இருந்தவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் நான் இன்று விதவை. அந்த வாரமே கடைவாசலில் நாலு பெண்களுக்கு முன்னால் குரால்பாய் என்னிடம் சொன்னார்: "பலகை மட்டுமா உளுத்துச்சு? உன் கஞ்சத்தனத்தையும் சேத்துச் சொல்லு, பிகென்."

அன்றே முடிவு செய்தேன். புதுத் தளத்துக்கு இந்த மனுஷனிடம் போய் நிற்க மாட்டேன். பனிக்கட்டி உடைந்ததும் தோலெப் கடலுக்குப் போவார். அதற்குள் அவர் காலுக்குக் கீழே உறுதியான தளம் இருக்க வேண்டும். அதை நானே செய்து காட்டுவேன்.

நகரத்துக்குப் போய் எட்டுப் பலகை வாங்கினேன். பர்ச் மரம், ஒன்பது அடுக்கு. விளிம்பு நல்ல சிவப்பு. தண்ணீர் தாங்கும் பசை என்றால் விளிம்பில் சிவப்புக் கோடு தெரியும், தாங்காத பசை வெளுப்பு. எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். தோலெப் அறுத்துப் பொருத்தினார். நான் ஆளிவிதை எண்ணெயைச் சூடாக்கி மேலே ஊற்றித் தேய்த்தேன், அதற்கு மேல் இரண்டு பூச்சு நீல வண்ணம். பளபளவென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

படகை இறக்குவதற்கு முந்தைய நாள் விருந்து வைத்தோம். ஆட்டை அறுத்தாயிற்று. முற்றத்தில் கொப்பரை நிறையத் தண்ணீர் கொதிக்கிறது. கறியைப் போட நான் எழுந்தபோது குரால்பாய் வந்தார். கூப்பிடவில்லை, அக்கா புருஷனைத் தடுக்கவும் முடியாது. சுவரோரம் கிடந்த மிச்சத் துண்டை எடுத்தார், விளிம்பை முகர்ந்தார், நேராகப் போய்க் கொப்பரைக்குள் போட்டார்.

நான் கத்தியே விட்டேன். "அத்தான்! சோறாக்குற பாத்திரம் அது! புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"கறி ஓடிப் போயிடாது. உன் புருஷன்தான் போயிடுவான்" என்று மூடியைப் போட்டு, அதன்மேல் கல்லையும் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இருபது பேர் பசியோடு காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூடியைத் திறந்தால் தண்ணீர் முழுக்கக் கட்டன் தேநீர் நிறம். விளிம்பின் சிவப்பு பசையில்லை, கடைக்காரன் பூசிய சாயம். துண்டு ஒன்பது தோலாகப் பிரிந்து மிதந்தது. அவர் கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து விருந்துத் துணியில், தோலெப்புக்கு முன்னால், மதிப்புக்குரியவருக்கு ஆட்டுத்தலை வைக்கும் அதே இடத்தில் அடுக்கினார்.

"தலை உனக்குத்தான், சகலை. சாப்பிடு."

ஒருவரும் சிரிக்கவில்லை. தோலெப் முகம் சுண்டிப்போனது. "எது எப்படியோ, நாளைக்கு நான் இதே படகுலதான் போவேன்" என்றார்.

"இனிமே என் வாசல மிதிக்காதீங்க அத்தான்" என்றேன்.

"மிதிக்கல. உன் தளத்தையும் மிதிக்க மாட்டேன். எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு."

விடிந்ததும் கடப்பாரையோடு கரைக்குப் போனேன். தோலெப் பின்னாலேயே வந்து கத்தினார். "ஊரே பாக்குதுடி! ரெண்டு வாரம் மீன் போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"மீன் போகட்டும். நீங்க இருங்க."

எட்டுப் பலகையையும் பிடுங்கிப் போட்டேன். கையெல்லாம் ரத்தம். ஒவ்வொரு ஆணிக்கும் குரால்பாயை ஒரு வசவு வைதேன், என்னையும் சேர்த்துத்தான்.

அன்று மத்தியானமே நகரத்துக் கடையில் இருந்தேன். எனக்குச் சாயம் விற்றவன் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு பலகையில் சின்னத் துண்டு அறுக்கச் சொல்லி, அதை அவனுடைய கெட்டிலுக்குள்ளேயே போட்டு அடுப்பில் வைத்தேன்.

"பைத்தியமா நீ?" என்று எழுந்தான்.

"ஆமா. உக்காரு. வேகட்டும்."

வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதல் மூன்று கட்டுப் பலகையும் பிரிந்தன. அவன் பின்கட்டிலிருந்து நாலாவதைக் கொண்டுவந்தான். அதில் அறுத்த துண்டு கடை மூடும்வரை கொதித்தும் அசையவில்லை. அந்தக் கட்டிலிருந்தே எட்டுப் பலகை எடுத்துக்கொண்டு, வெந்த துண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

இந்த முறை விளிம்புகளுக்குத்தான் முதல் எண்ணெய், சூடாக, மூன்று தரம். அப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாத அடிப்பக்கம். திருகாணித் துளை ஒவ்வொன்றிலும் பிசின். மேல்பக்கம் கடைசியில். இதையெல்லாம் குரால்பாய் இருபது வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து வந்ததாலேயே நான் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது விருந்துக்கும் கூப்பிடாமல் வந்தார். வாசலை மிதிக்காமல் நேரே படகில் ஏறினார். நூறு கிலோ ஆள். தோலெப்பின் கால் போன அதே இடத்தில் மூன்று முறை குதித்தார். தளம் முனகக்கூட இல்லை. இறங்கி வந்தவர் முன்னால் நான் கடையில் வெந்த அந்தத் துண்டை நீட்டினேன். "தலை உங்களுக்குத்தான் அத்தான். கடிச்சுப் பாருங்க."

கடித்தார்! பல்லால் இழுத்துப் பார்த்தார். ஒரு அடுக்கும் பிரியவில்லை. நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று நின்றேன், எனக்கு வெட்கமில்லை. அவர் துண்டைத் துப்பிவிட்டு, "வண்ணம் கோணல்" என்றார். அப்புறம் என் முற்றத்தைப் பார்த்தார். "அந்தக் கொப்பரைய எனக்குக் குடுத்துடு, பிகென். சாயம் ஊறினது. இனி கறிக்கு ஆகாது."

"குடுக்க மாட்டேன்."

"வச்சுட்டு என்ன பண்ணப் போற?"

"பக்கத்து வீட்டுக்காரர் பலகை வாங்கிட்டு வந்திருக்காரு. வேகவச்சுப் பாக்கச் சொல்லி நேத்தே துண்டு குடுத்துட்டுப் போனாரு. உங்ககிட்ட வர அவருக்குப் பிடிக்கலையாம்."

அவர் தான் துப்பிய துண்டைக் குனிந்து எடுத்து, விளிம்பை முகர்ந்தார். தோலெப் புதுத் தளத்தில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.