ஸ்டோர் ரூமில் நடந்த வாசிப்புத் தேர்வு

எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் படிப்பதைக் கேட்கும் கருவி வந்த வருடம்தான் எனக்கு வேலையில் கடைசி வருடம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய சின்ன ஆரம்பப் பள்ளி அது. சத்துணவுக் கூடத்தில் நான் சமையல் உதவியாளர். அரிசி களைவது, காய் நறுக்குவது, முட்டை உரிப்பது, அண்டா கழுவுவது எல்லாம் என் பாடு. அஞ்சாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். அதற்கு மேல் இந்த வேலைக்குக் கேட்கவில்லை.

கருவி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சிலேட்டு அளவில் ஒரு டேப். திரையில் நாலு வரி வரும். பிள்ளை அதைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். சரியாகப் படித்த சொல் பச்சையாகும், தப்பினால் சிவப்பாகும். முடிவில் நட்சத்திரம் விழும். மூன்று நட்சத்திரம் வாங்கிய பிள்ளை அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரியும்.

சமையல்கட்டு ஜன்னலில் நின்றால் ஹால் முழுவதும் தெரியும். எனக்கு அந்தக் கருவியை முதல் நாளே பிடித்துப்போனது. ஒரே வரியைப் பத்துத் தடவை தப்பாகப் படித்தாலும் அது முகம் சுளிக்கவில்லை. தலையில் குட்டவில்லை. பக்கத்துப் பிள்ளையைக் காட்டி ‘அவளைப் பார்’ என்று சொல்லவில்லை. மறுபடி படி என்று அதே குரலில் சொன்னது. இப்படி ஒன்று நான் படித்த காலத்தில் இல்லையே என்று அரிசி களைந்துகொண்டே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பிள்ளைகள் கையில் இதையெல்லாம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். பச்சைமலையிலிருந்து அந்த வருடம்தான் இறங்கி வந்திருந்தாள். அவள் அப்பா கொள்ளிடக் கரை வாழைத் தோப்பில் இலை அறுக்கிற வேலை பார்த்தார். தோப்புக்குள்ளேயே கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். மகள் படிக்க வேண்டும் என்றுதான் மலையை விட்டு வந்ததாகச் சேர்க்க வந்த அன்று சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் குரலே கிடையாது. பேசுவாள், ஆனால் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கும். சோறு போதுமா என்று கேட்டால் உதடு அசைவதைப் பார்த்துத்தான் நான் கரண்டியை நிறுத்துவேன்.

கருவி அவளுக்கு ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லை. முதல் வாரம் எல்லாம் சிவப்பு. அடுத்த வாரமும் சிவப்பு.

அந்தப் பெண் நன்றாகப் படிப்பாள் என்பது எனக்குத் தெரியும். சாப்பிட்டுத் தட்டு கழுவிய பிறகு அவள் விளையாடப் போக மாட்டாள். சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் படிப்பாள். ஒருநாள் காலியான பாமாயில் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முனகினாள்.

“என்ன பாப்பா சொல்ற?” என்றேன்.

“குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.”

அந்த எழுத்து கடுகைவிடச் சின்னது. இருபது வருடமாக அந்தப் பாக்கெட்டை வெட்டி ஊற்றியிருக்கிறேன். அதில் அப்படி ஒரு வரி இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ சொல்லிக் கொடுத்து மனப்பாடம் செய்திருப்பாளோ என்று, கீரை கட்டி வந்த பேப்பரை உதறிக் கொடுத்தேன். மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தியை நிறுத்தாமல் படித்தாள். எழுத்துக் கூட்டவில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

அப்படியானால் கருவி ஏன் சிவப்புக் காட்டுகிறது? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. எங்கள் ஹாலில் மூன்று வகுப்பு ஒன்றாக நடக்கும். ஒரு மூலையில் வாய்ப்பாடு, ஒரு மூலையில் பாட்டு. நடுவில் இந்தப் பெண் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு முனகுவாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, தொண்டையில் மைக் வைத்தே பிறந்தவள், ‘ஈரெட்டுப் பதினாறு’ என்று கத்துவாள். கருவி பாவம், எது காதில் விழுகிறதோ அதைத்தானே கேட்கும்? திரையில் இருப்பது மயிலும் மழையும். அதன் காதில் விழுவது ஈரெட்டுப் பதினாறு. சிவப்புப் போடாமல் என்ன செய்யும்?

நான் முதலில் செய்தது தப்பு. “நல்லாக் கத்திப் படி கண்ணு” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். அவள் என் பேச்சைக் கேட்டுக் கத்தினாள். குரல் உடைந்து ஒரு கீச்சுச் சத்தம்தான் வந்தது. ஹாலே சிரித்தது. அதன்பிறகு உதடு அசைவதும் நின்றுபோனது.

அடுத்த வாரம் டீச்சர் அவள் அப்பாவுக்குப் போன் செய்தார். எங்கள் டீச்சர் நல்லவர். முப்பது வயதுக்குள் இருக்கும். மூன்று வகுப்பையும் ஒற்றை ஆளாக இழுத்தவர். போனில் அவர் பேசியது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. “மூணாவது வந்தும் வாசிப்பு வரலைங்க, மெஷினே சொல்லுது. இனிமே ஒண்ணாவது பிள்ளைங்களோட உக்கார வச்சு அ, ஆவுலேருந்துதான் ஆரம்பிக்கணும்.” அந்தப் பக்கத்துப் பதிலை டீச்சரே பிறகு என்னோடு இருந்த சமையல்காரம்மாவிடம் வருத்தப்பட்டுச் சொன்னார். இங்கே வந்தும் படிப்பு ஏறவில்லை என்றால் மலையிலேயே பெரியம்மா வீட்டில் விட்டுவிடுகிறேன், பள்ளிக்கூடம் போனால் போகட்டும், இல்லையென்றால் கிழங்கு பிடுங்கட்டும் என்றாராம். வெள்ளிக்கிழமை டி.சி. வாங்க வருவதாகவும் சொல்லிவிட்டார்.

அன்று திங்கட்கிழமை.

எனக்கு வேலை ஓடவில்லை. நான் ஆறாம் வகுப்பில் சேரப் போன நாள் ஞாபகம் வந்தது. பெரிய பள்ளிக்கூடம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா ஒரு புத்தகத்தை நீட்டி, படி என்றார். எல்லாம் தெரிந்த எழுத்துதான். வாய் திறக்கவில்லை. ‘இதுக்கு வாசிக்கவே வரலியே’ என்று புத்தகத்தை மூடினார். என் அப்பாவும் அதை நம்பினார். வரும் வழியில் மனசுக்குள் அந்தப் பக்கம் முழுவதையும் படித்துக்கொண்டே வந்தேன். அது யாருக்குத் தெரியும்?

டீச்சரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? சமையல்காரம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் அண்டா அளவு. அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

“ஏங்க்கா, என்கிட்ட இவ்வளவு பேசுறீங்கல்ல? இதையே அங்க போயி சொல்லுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நீ சொல்லேன்.”

“நான் சொன்னா சண்டையாயிடும். நீங்க சொன்னா டீச்சர் மயங்கி விழுந்துருவாங்க. ஆயாம்மா பேசிட்டாங்கன்னு!”

இருபது வருடத்தில் டீச்சர்களிடம் நான் பேசியது ‘சரிங்க’, ‘ஆச்சுங்க’ இரண்டும்தான். ஆபீஸ் அறைக்குள் போய் நிற்க என்னால் ஆகாது. ஆனால் தினமும் டீச்சர் எங்களிடம் வருவார். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அது வழக்கம். செவ்வாய்க்கிழமை அவர் வந்து சாம்பார் சாதத்தை வாயில் வைத்தார்.

“நல்லாருக்கு ஆயாம்மா.”

“உப்பு?” என்றேன்.

“சரியா இருக்கு.”

“போன மாசம் ஒருநாள் உப்பே இல்லைன்னு சொன்னீங்க.”

டீச்சர் சிரித்துவிட்டார். “ஐயோ, அதை இன்னும் விடலையா நீங்க?”

நடந்தது இதுதான். அன்று டீச்சருக்குக் கடும் சளி. ருசி பார்த்துவிட்டு உப்பு இல்லை என்றார். டீச்சர் சொல்கிறாரே என்று சமையல்காரம்மா ஒரு கை அள்ளிப் போட்டாள். பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினார்கள். அண்டாவோடு கொட்டினோம்.

“அன்னிக்கு உப்பு இருந்துச்சு டீச்சர். உங்களுக்குத்தான் தெரியலை. அந்த டேப்புக்கும் அப்படித்தான். நம்ம ஹால்ல அதுக்குக் காது அடைச்சுக்குது. மலையிலேருந்து வந்த பொண்ணு நல்லாப் படிக்குதுங்க. நான் கேட்டேன். பேப்பரே படிக்குது.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தேன். சமையல்காரம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சிரிப்பில் அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன்.

டீச்சர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “மார்க்கு நான் போடலை ஆயாம்மா. அதுவே கேட்டு அதுவே போட்டு மேல அனுப்பிடுது. நான் கை வைக்க முடியாது.”

“திரும்பப் படிக்க வைக்கலாமா?”

“அது வைக்கலாம். எத்தனை தடவை வேணும்னாலும். ஆனா எங்க வச்சு? இருக்கிறது ஒரு ஹால். வெளியில போனா பஸ் ஹார்ன், ரயிலு.”

“ஸ்டோர் ரூம்ல வைங்க.”

எங்கள் ஸ்டோர் ரூமில் சுவரோரம் கூரை வரைக்கும் அரிசி மூட்டை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் காதுக்கு எட்டாது. மூட்டை சத்தத்தைக் குடித்துவிடும். எனக்குத் தலைவலி வந்தால் அங்கேதான் போய் இரண்டு நிமிடம் நிற்பேன். எந்தக் கல்லூரியிலும் படித்து அறிந்ததில்லை இது.

புதன்கிழமை சாப்பாடு முடிந்து, அடுப்பை அணைத்து, பாத்திரச் சத்தமும் அடங்கிய பிறகு அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப் போனோம். ஒரு மூட்டையின் மேல் டேப்பை வைத்தார் டீச்சர். பக்கத்தில் நின்று, “ம், படி” என்றார். உதடு அசையவில்லை.

“டீச்சர், நாம வெளிய போயிடலாங்க.”

“தனியா படிப்பாளா?”

“தனியாத்தான் படிப்பா.”

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றோம். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. உள்ளே பெண் படிப்பது தெரியாத சமையல்காரம்மா மறுநாளுக்கான முட்டையை எண்ணிக்கொண்டே பின்பக்கமாக வந்து, நான் உள்ளே இருப்பதாக நினைத்து ஸ்டோர் ரூம் ஜன்னலில் வாயை வைத்து, “அறுவத்திரெண்டுதான் இருக்கு, நாலு உடைஞ்சிருச்சு!” என்று கத்தினாள். உள்ளேயிருந்து பெண் தலையை நீட்டினாள். திரையில் ஒரு வரி முழுக்கச் சிவப்பு.

“அடிப் பாவி” என்றேன்.

“முட்டை உடைஞ்சதுக்கு நான் என்னக்கா செய்வேன்?”

அவளை அனுப்பிவிட்டு மறுபடி கதவைச் சாத்தினோம். டீச்சர் கதவில் காதை வைத்துப் பார்த்தார். “ஒண்ணுமே கேக்கலையே ஆயாம்மா.” கேட்காது என்று எனக்குத் தெரியும். டீச்சர் நகத்தைக் கடித்தார். நான் கடிக்கவில்லை.

கதவு திறந்தது. பெண் டேப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். எல்லாம் பச்சை. ஒரே ஒரு சொல் சிவப்பு. டீச்சர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டேப்பில் ஏதோ தொட்டார். உள்ளே பதிவாகியிருந்த குரல் வந்தது. மெல்லிய குரல்தான். ஆனால் மயில் எங்கே நின்றது, மழை எப்போது வந்தது எல்லாம் தெளிவாக வந்தது. “இதை மூணு வாரமா நான் கேக்கவே இல்லையே” என்றார் டீச்சர். இன்னொரு பாடம் போட்டுக் கொடுத்தார். பெண் தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் அப்பா வந்தார். அறுத்த இலைக் கட்டை மார்க்கெட் வண்டியில் ஏற்றிவிட்டு நேராக வந்திருந்தார். சட்டையில் வாழைக் கறை. பையில் டி.சி. கேட்டு எழுதிய தாள் மடித்து வைத்திருந்தார். மதிய பஸ்ஸில் மகளை மலைக்கு ஏற்றிவிட வேண்டும் என்றார். மலைக்கு பஸ் குறைவு, அதை விட்டால் ஒரு நாள் போய்விடும்.

டீச்சர் அவரை முற்றத்திலேயே நிறுத்தி, “பொண்ணு நல்லாப் படிக்குதுங்க, நான்தான் சரியா கவனிக்கலை” என்றார்.

அவருக்கு அது ஏறவில்லை. “திங்கக்கிழமை படிக்கலைன்னு மெஷின் சொல்லிச்சுன்னீங்க. இன்னிக்குப் படிக்குதுங்கிறீங்க. நாங்க எதைன்னு நம்புறதுங்க?”

நியாயமான கேள்விதான். டீச்சர் பேச்சு வராமல் நின்றார். அந்த மாதிரி நிற்பது எனக்குப் பழக்கமான நிலை, அதனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“மெஷின் சொல்றதை விடுங்க தம்பி. பொண்ணு படிக்கிறதை நீங்களே கேளுங்க” என்றேன்.

டீச்சர் பதிவைப் போட்டார். முற்றத்தில் பக்கத்துத் தெரு லாரி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கினார். “சத்தமே வரலையேம்மா.”

“இங்க வராது. உள்ள வாங்க.”

ஸ்டோர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். டேப்பை அவர் கையில் கொடுத்து, காதோடு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். ஒரு பாடம் கேட்க ஒரு நிமிடம் போதும். அவர் வெளியே வர வெகு நேரம் ஆனது. திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்குள் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். அவர் மகளும் வரிசையில் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவர் டேப்பைத் துண்டால் துடைத்து டீச்சரிடம் கொடுத்தார். அந்தத் தாளை வெளியே எடுக்கவே இல்லை. வரிசையைப் பார்த்தார்.

“இன்னிக்கு அதுக்குச் சாப்பாடு இங்கதானேம்மா?” என்று என்னிடம் கேட்டார். “நான் தோப்புக்குப் போறேன். சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன்.”

“இங்கதான்” என்று சொல்லிவிட்டு நான் பரிமாறப் போனேன்.