பருந்துக்கு ஒரு தனிக் கம்பம்

என் வீட்டுக்காரர் லைன்மேன். கம்பம் ஏறுவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அது உண்மையும்கூட என்பதுதான் என் கஷ்டம்.

நான் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அதன் பின்வாசலில் நிற்கும் மின்கம்பத்தில்தான் வம்பு. போன வருடம் அதில் உட்கார்ந்திருந்த ஒரு பருந்து பறக்கச் சிறகை விரித்தது. சிறகு இரண்டு கம்பிகளிலும் பட, பறவை கருகி விழுந்தது. கரண்டும் போயிற்று. பாதி துவைத்த படுக்கை விரிப்புகள் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொள்ள, நான் அந்தப் பறவையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்தார். அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இனி எதுவும் அங்கே உட்காரக் கூடாது என்று ஒரு பலகை முழுக்க நீளமான ஆணிகளை அடித்து, கம்பத்தின் உச்சியில் பொருத்தினார். "இனிமே ஒரு காக்கா கூட வராது பாரு," என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இந்த வருடம் ஒரு பருந்து ஜோடி அந்த ஆணிகளுக்கு நடுவே சுள்ளிகளைச் செருகி, எந்தக் காற்றுக்கும் அசையாத கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது.

"அஸ்திவாரம் போட்டுக் குடுத்தது நீங்கதான். வாடகையாவது கேளுங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இரை கொண்டு வர்றப்போ எப்ப வேணா கரண்ட் அடிக்கும். நானே கூப்பிட்டு உக்கார வெச்ச மாதிரி ஆயிடுச்சு."

கூட்டைக் கலைக்கச் சொன்னார் மின்வாரியப் பொறியாளர் அம்மா. அவரையும் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி இருண்டால் அவர் தலைதான் உருளும். இவர் விடவில்லை.

"பக்கத்துலயே கம்பி இல்லாத கம்பம் ஒண்ணு நட்டு, கூட்டை அதுல மாத்திடறேன் மேடம். இந்தக் கம்பிக்கும் ரப்பர் உறை போட்டுடறேன்."

"சாயங்காலம் லைன் ஓடணும். அதுக்குள்ள தாய் புதுக் கம்பத்துக்கு வரலைன்னா குஞ்சு பறவைக் காப்பகத்துக்குப் போயிடும்."

காலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பலகையோடு கூட்டைக் கழற்றிப் புதுக் கம்பத்தில் வைத்தார். "ஆணி இருந்ததாலதான் ஒரு சுள்ளி கூட உதிரல," என்று பெருமை வேறு. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்.

ஆனால் தாய்ப்பறவை அந்தப் பக்கமே போகவில்லை. பகலெல்லாம் வட்டமடித்தது. குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. வெயில் சாய்ந்தபோது தாய் காலில் எலியோடு வந்து, பழைய கம்பத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

"லைனைப் போடலாமா?" என்றார் பொறியாளர் அம்மா.

"உறை போட்டாச்சு மேடம். தாராளமா போடுங்க," என்றார் இவர். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீ பாத்துச் சொல்லு. என்னால முடியாது." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரண்ட் வந்து, உள்ளே என் இயந்திரம் உறுமத் தொடங்கியது. பருந்து சிறகை விரித்தது. இரண்டு பக்கமும் கம்பியில் உரசியது. பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை. எழும்பிப் புதுக் கம்பத்துக்குப் போனது.

"என்னாச்சு?" என்றார், திரும்பாமலே.

"குஞ்சுக்கு ஊட்டிக்கிட்டு இருக்கு."

அப்போதும் அவர் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. கேலி செய்ய என்னிடம் நிறையவே இருந்தது. என் ஈர முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.