பனிக்குப் பதிலாக நான்கு மூட்டை அரிசி

பிரெஞ்சு பேசும் குளிர்தேசத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், எங்கள் வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் கூப்பிடு தூரம்தான். ஆனால் நான் சக்கர நாற்காலிக்காரி. குளிர்காலத்தில் நகர அலுவலகத்தின் இயந்திரம் நடைபாதைப் பனியைத் தரிப்பிடத்துப் பக்கம் தள்ளும். பஸ் அலுவலகத்து ஆட்கள் வந்து அதை நடைபாதைக்கே திருப்பித் தள்ளுவார்கள். நடுவில் ஒரு பனிமேடு கேட்பாரற்றுக் கிடக்கும். அதைத் தாண்ட என் கணவர்தான் நாற்காலியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நல்ல மனிதர், தூக்குவார். ஆனால் தூக்குமுன் கேட்பார்: "எங்கை போறீர்?" தாண்டின பிறகும் கேட்பார்: "எப்ப வாறீர்?" குளிர்காலம் முழுக்க, புருஷனுக்குத் தெரியாமல் ஒரு கோப்பி குடிக்க வழியில்லை என்றால் அது என்ன சீவியம்! ஐயோ, கள்ளக் காரியம் ஒன்றுமில்லை. சும்மா ஒரு கோப்பி. அதற்காகத்தான் இரண்டு அலுவலகத்துக்கும் விடாமல் முறையிட்டேன்.

ஒருநாள் பதில் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் போக்குவரத்து உரிமை பற்றி இரண்டு அலுவலகத்தாரும் சேர்ந்தே ஒரு கொள்கை எழுதப் போகிறார்களாம். இடத்தை நேரில் பார்க்க வருவார்களாம். எனக்குத் துள்ளாத குறை. இரு பக்கத்துக்கும் தோதான நாள் தேடித் தேடி, கடைசியில் வந்து நின்றது ஜூலையில். பனி எங்கே? வெயில் மண்டையைப் பிளந்தது.

நகரத்திலிருந்து உயரமான ஒரு ஐயா. பஸ் அலுவலகத்திலிருந்து குட்டிக் குடையோடு ஒரு அம்மா. இருவரும் வெறும் சீமெந்தைக் குனிந்து பார்த்தார்கள். "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார் ஐயா பிரெஞ்சில். அம்மாவும் தலையாட்டினார். இரண்டு அலுவலகமும் முதன்முதலாக ஒத்துப்போனது இதில்தான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவர் காரைத் திறந்தார். உள்ளே தமிழ்க்கடையில் மலிவுக்கு வாங்கிய நான்கு மூட்டை அரிசி. "இஞ்சாரும், இதுதான் ஸ்னோ எண்டு சொல்லும்" என்று நடைபாதையில் அடுக்கினார். நான் பிரெஞ்சில் சொன்னேன்: ஐயா, முதலில் நீங்கள் உங்கள் பக்கத்தைத் துப்புரவாக்குங்கள். அம்மா, பிறகு நீங்கள்.

விளையாட்டென்று வந்தால் அதிகாரிகளும் பிள்ளைகள்தான். ஐயா மூட்டைகளை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டார். அம்மா குடையை மடக்கிவிட்டு, காலால் உந்தித் திருப்பி அனுப்பினார். "அரிசியைக் காலாலை தள்ளுறா!" என்று என் கணவர் நெஞ்சில் கை வைத்தார். ஐயா விடுவாரா? ஒரே இழுவை. மூட்டை கிழிந்து, வெள்ளை அரிசி நடைபாதையெங்கும் பரவியது.

"மிதியாதையுங்கோ!"

என் கணவர் போட்ட சத்தத்தில், தமிழ் தெரியாத இருவரும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி உறைந்து நின்றார்கள். உண்ணும் பொருளை நாங்கள் மிதிப்பதில்லை என்று விளக்க வாயெடுத்தேன், சிரிப்புத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பஸ்ஸும் வந்தது. என்னைக் கண்ட சாரதி சக்கர நாற்காலி ஏறும் பலகையை இறக்கினார். அது மூட்டையில் முட்டி நின்றது. நான் இந்தப் பக்கம், பஸ் அந்தப் பக்கம். ஒற்றைக்கால் ஐயா என்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"குளிர்காலம் முழுக்க இப்படியா?"

"முழுக்க" என்றேன்.

பிறகு இருவரும் முழங்காலிட்டு அரிசி அள்ளினார்கள். எது யார் பக்கத்து அரிசி என்று ஒருவரும் கேட்கவில்லை. மேற்பார்வை என் கணவர். "அங்கை, அந்த மூலையிலை!" என்று அம்மாவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

கொள்கை வெளிவந்தது. தரிப்பிடத்தையும் அதை ஒட்டிய நடைபாதையையும் ஒரே ஆட்கள், ஒரே முறையில் துப்புரவாக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

முதல் பெரும்பனி கொட்டிய மறுநாள் காலை வெளியே வந்தேன். தரிப்பிடம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. பஸ் வந்தது. பலகை இறங்கியது. ஏறிவிட்டேன். "பொன்ஜூர்" என்றார் சாரதி. கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். பனி அள்ளும் ஷவலும் கையுமாக, ஒற்றைச் சப்பாத்தோடு என் கணவர் வாசலுக்கு ஓடி வந்தார்.

"இஞ்சாரும்! எங்கை போறீர்?"

கதவு மூடுமுன் கத்தினேன்.

"சொல்ல மாட்டன்!"