கடைசி பெஞ்சில் எலுமிச்சை வாசம்

என் வகுப்பில் ஒரு மாணவன் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் தனியாக உட்காருவான். ஒடிசலான உடம்பு, தூக்கமில்லாமல் சிவந்த கண்கள். பெஞ்சுக்கு அடியில் எலுமிச்சைத் தோலால் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் வராந்தாவில் நிறுத்திக் காரணம் கேட்டேன்.

“விடியக்காலைல தேங்காய்த்திட்டு துறைமுகத்துல மீன் பெட்டி தூக்கறேன் சார். ஃபீஸ் கட்டணும்ல. பசங்களுக்கு வாடை தெரியக்கூடாது. நீங்களும் சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன்பா” என்றேன்.

அடுத்த மாதம், வசதியில்லாத மாணவர்களுக்கான உதவித்தொகைப் படிவம் ஆபீசிலிருந்து வந்தது. அன்றைக்கே திருப்பித் தரவேண்டுமாம். அவனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். மணி அடிக்கப்போகிற அவசரத்தில், “வீட்டுல கஷ்டப்படறவங்க கை தூக்குங்க” என்று வகுப்பிலேயே கேட்டுத் தொலைத்தேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவன் மட்டும் என்னையே பார்த்தான். கைகள் பெஞ்சுக்கு அடியிலேயே இருந்தன. ‘யாரும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பரீட்சைக்கு அவன் வரவில்லை. கட்டணம் கட்டவில்லை என்றார்கள். துறைமுகத்தில் போய்த் தேடினேன், அங்கேயும் இல்லை.

இப்போதும் பாடம் முடிந்ததும், “சந்தேகம் இருந்தா கை…” என்று ஆரம்பிப்பேன். எங்கிருந்தோ எலுமிச்சை மணக்கும். மீதியைச் சொல்ல வாய் வராது.