சகலையின் ரைஃபிள்

என் கையெழுத்தையும் எழுத்துப்பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நியூஜெர்சியில் ஐசலின் என்ற ஊரில் ஓட்டல் சமையல்காரன்.

டெக்சாஸில் இருந்த என் சகலை வீடியோ காலில் தன் ரைஃபிளைக் காட்டினார். "அத்தானுக்கு எவ்ளோ தைரியம்," என்றாள் என் மனைவி. எனக்கு வயிறு எரிந்தது.

"நியூஜெர்சிக்கு அத எடுத்துட்டு வந்தா ஜெயில்தான் சகல," என்று குத்தலாகச் சொன்னேன்.

ஆனாலும் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தபோது அதையும் கொண்டுவந்தார். பெயர் சொல்லாமல் போலீசுக்குப் போன் செய்தேன்.

வந்தவர்கள் ரைஃபிளைப் புரட்டிப் பார்த்தார்கள். பார்வைக்குத் தடைசெய்த துப்பாக்கியேதான். ஆனால் இங்கே சட்டம் தோற்றத்தை மட்டும் பார்ப்பதில்லை, தடையுள்ள பாகங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுகிறது. தோளில் முட்டுகிற பின்கட்டை நீளாதபடி இறுக்கப்பட்டிருந்தது, சுடும்போது தீப்பொறியை மறைக்கிற குழல்முனையும் மாற்றப்பட்டிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"எவனோ போட்டுக் குடுத்திருக்கான் சகல," என்று சகலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அன்னிக்குச் சொன்னதாலதான் கடையில குடுத்து மாத்தினேன். இல்லன்னா கிரீன் கார்டே போயிருக்கும்."

அப்போதும் என் மனைவி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. காகிதத்திலாவது எழுதிய நாள், மார்ச் 9.