கருப்பனின் காது

மலர்க்கொடியை உட்காரச் சொன்னால் எழுந்து நிற்பாள், நிற்கச் சொன்னால் நடப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று புருஷன் கிருஷ்ணப்பன் சொல்வதுண்டு. தறிக்குழியில் இறங்கினால்தான் கொஞ்சம் அடங்குவாள். இல்லையென்றால் கருப்பன் என்கிற கிடாவின் பக்கத்தில்.

நெட்டுக்குப்பத்துக்குப் பின்னால், அனல்மின் நிலையத்துச் சுவரை ஒட்டி அவர்களுடைய ஆட்டுப்பட்டி. எல்லாம் கம்பளி ஆடுகள். சாம்பல் பறந்து வந்து ரோமத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழுவிக் கத்தரிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். பிறகு நூற்க வேண்டும், புளியங்கொட்டைப் பசை தடவ வேண்டும், நெய்ய வேண்டும். எண்ணூர் வெல்டிங் பட்டறைக்காரர்கள் அவள் கம்பளியை விரும்பி வாங்குவார்கள். பொறி விழுந்தால் துணி மாதிரிப் பற்றிக்கொள்ளாது. அதிலும் கருப்புக் கம்பளி என்றால் கேட்கவே வேண்டாம், கரி பட்டாலும் தெரியாது. பட்டியில் கருப்பு ரோமக் கிடா கருப்பன் மட்டும்தான். அவன் போனால் கருப்புக் குட்டியும் இல்லை, கருப்புக் கம்பளியும் இல்லை.

அந்தக் கருப்பனைத்தான் கிருஷ்ணப்பன் பக்ரீத்துக்குத் தருவதாக ராயபுரம் அமீரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு கிடா வாங்கிக்கொள்ளலாம் என்றான். ஊரான் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்று வாரிக் கொடுப்பவனுக்கு என்ன கவலை?

பக்ரீத்துக்குப் பலி கொடுக்கிற குர்பானி ஆட்டுக்கு ஊனம் கூடாது. காது அறுந்திருந்தால் வாங்க மாட்டார்கள். மலர்க்கொடியின் அப்பா, விற்கக் கூடாத கிடாவின் காதில் ஒரு வெட்டுப் போட்டுவிடுவார். அது பட்டியைவிட்டுப் போகாது. அவளுக்கும் அந்த எண்ணம் வந்தது. அமீர் வருகிற அன்று காலையில் கத்தரியோடு பட்டிக்குள் போனாள், வந்தாள், மறுபடி போனாள். உப்புக்கல் வைத்திருக்கிறாளா என்று கருப்பன் வழக்கம்போல அவள் உள்ளங்கையை நக்கினான். அவளால் முடியவில்லை. போய்த்தொலை சனியனே என்று ஒரு பாட்டம் அழுதாள்.

கிடாதான் போகிறது, ரோமமாவது மிஞ்சட்டும் என்று கத்தரிக்க உட்கார்ந்தாள். முதுகு முடிந்தது, விலா முடிந்தது. கழுத்துக்கு வந்தபோது மின்நிலையத்தில் நீராவியைத் திறந்துவிட்டார்கள். பழகிய இரைச்சல்தான். ஆனாலும் கருப்பன் துள்ளினான், கத்தரி மூடிக்கொண்டது. பாதிக் காது அவள் மடியில் விழுந்தது.

மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டிருக்கும்போதே அமீர் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். கிடாவைக் குனிந்து பார்த்தான்.

“பாதிக் காது பூட்ச்சே. இது குர்பானிக்கு ஆவாது நைனா,” என்றான். கோபப்படவில்லை. வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

வண்டி மறையும்வரை கிருஷ்ணப்பன் தலை குனிந்து நின்றான்.

“வேணும்னுதான அறுத்த?”

“இல்ல. துள்ளிச்சு. கை தவறிப் பூட்ச்சு.”

“காலைலேர்ந்து கத்தரியும் கையுமா சுத்திகினு இருந்தியே, நான் பாக்கல?”

அறுக்க நினைத்ததும் அவள், அறுத்ததும் அவள் கை. நடுவில் வேண்டாம் என்று விட்டாளே, அதற்குக் கருப்பனைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

சாயங்காலம் உள்ளங்கையில் உப்புக்கல்லை வைத்துக்கொண்டு பட்டிக்குள் போனாள். மற்ற ஆடுகள் ஓடிவந்து மொய்த்தன, அவற்றை விலக்கினாள். கருப்பன் மொட்டை உடம்போடு மூலையில் நின்று அவளையே பார்த்தான். அவள் ஓர் அடி முன்னால் வைத்தால் அவன் ஓர் அடி பின்னால் போனான்.

மலர்க்கொடி அங்கேயே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். உப்பு கரைந்து கை பிசுபிசுத்துப் போகும்வரை அவள் எழுந்திருக்கவே இல்லை.